இரண்டாயிரத்து நானூறு

வில்பிரட் என் கடை வாசலில் வந்து நின்றபோது நான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தேன். காலைப் பார்த்தே ஆளைத் தெரிந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த வலது கால்மேல் கியர்பாக்ஸ் மூடி விழுந்து பெருவிரல் நகம் கருத்தது. அன்றைக்கு ஐஸ் வாங்க மீன் கம்பெனிக்கு ஓடினவளே நான்தான். நகம் அதற்குப் பிறகு நேராக முளைக்கவேயில்லை. அந்தக் கால் முறிந்தே போயிருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். பாவம்தான். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் மன்னிக்கச் சொல்வார்.

"ஏளா ஜெர்லினு, இருக்கியா?"

குரலில் ஒரு கூச்சம் வேண்டுமே! நேற்றுப் பார்த்து இன்றைக்கு வந்தவன் மாதிரி கூப்பிட்டான். நான் அவசரப்படாமல் ஒரு நட்டை முறுக்கி, அதை இன்னொரு முறை சரிபார்த்து, பிறகுதான் வெளியே வந்தேன். பக்கத்தில் அவன் மனைவி அனிஷா அக்கா நின்றாள். பின்னால் அவர்களுடைய சிவப்பு கார். ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர், ஆட்டோமேட்டிக். கொச்சியிலிருந்து வாங்கி வந்து, உள்ளே பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு, புகைக்குழாயை மாற்றி, தெருமுனையில் திரும்பும்போதே நாய்கள் எழுந்து ஓடும் அளவுக்குச் சத்தம் வைத்திருந்தான்.

"கேம் மாத்தினதுல இருந்து எடுப்பு இல்ல. கன்வெர்ட்டர் மாத்தணும். மதுரைக்குக் கொண்டுபோனா பத்து நாள் ஆக்குவானுவ. இவளுக்கு தினமும் வண்டி வேணும்." கடைசியாக ஒரு வழியாக விஷயத்துக்கு வந்தான். "இங்கன இதத் தொறக்க நீதான இருக்க."

நான்தான் இருக்கிறேன். அதைச் சொல்ல அவனுக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

டிப்ளமோ முடித்த கையோடு நான் அவனுடைய கடையில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது தூத்துக்குடியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரிக்கிற கடை அது ஒன்றே. பிரித்தது நான், பெயர் அவனுக்கு. போகட்டும், முதலாளி என்றால் அப்படித்தான். உப்பு வியாபாரி சிவனாண்டி அண்ணாச்சி தன்னுடைய பெரிய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து, கிளம்பும்போது வண்டி மந்தமாக இருக்கிறது என்றார். என் அப்பா சிலுவை அந்த அண்ணாச்சியிடம்தான் இருபத்திரண்டு வருடமாக உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் அந்தக் காரை எங்கள் வீட்டுக் கார் மாதிரியே பார்த்தேன்.

கன்வெர்ட்டர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா, அதேதான். காற்றுக்குப் பதில் ஆயில். ஒரு ஃபேன் இன்ஜின் பக்கம், ஒரு ஃபேன் கியர்பாக்ஸ் பக்கம், இரண்டையும் சேர்த்து மூடின ஓர் இரும்புக் குடம். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் ஓரளவு சுற்று வரைக்கும் ஏறி அங்கேயே நிற்கும். அந்த அளவுக்கு ஸ்டால் என்று பெயர். ஸ்டால் உயரமாக இருந்தால் கார் கிளம்பும்போதே வில்லிலிருந்து விட்ட அம்பு போலப் பாயும். அது ரேஸ்காரனுக்கு. அதைக் கூட்டத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் இன்ஜின் பக்கத்து ஃபேன் சுற்றும், மற்றது ஏனோதானோ என்று நகரும், நடுவில் ஆயில் கொதிக்கும். அண்ணாச்சி ரேஸ்காரர் இல்லை. உப்பளத்துக்கும், கடைக்கும், மாதத்துக்கு ஒரு தடவை திருச்செந்தூருக்கும் போகிறவர். இரண்டாயிரத்து நானூறு போதும் என்று நான் சொன்னேன். வில்பிரட்டோ மூவாயிரத்து ஐந்நூறைத்தான் போட வேண்டும் என்றான். அண்ணாச்சி ஒரு தடவை மிதித்தால் அசந்துபோய் ஊரெல்லாம் சொல்வார் என்பது அவன் கணக்கு. நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவன் அதட்டி மாட்ட வைத்தான்.

அந்த வருடம் கந்த சஷ்டிக்கு அண்ணாச்சி தன் மனைவி ஆச்சியைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குச் சூரசம்ஹாரம் பார்க்கப் போனார். ஊருக்குள் நுழைவதற்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் கூட்டத்தில் ஊர்ந்தது கார். கியர்பாக்ஸ் ஆயில் கொதித்துப் பொங்கி, சூடான குழாயில் பட்டு, வண்டிக்கடியிலிருந்து குபுகுபுவென்று புகை. கார் தீப்பிடித்துவிட்டது என்று யாரோ கத்த, ஆச்சி கதவைத் திறந்து குதித்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்கு வந்து கத்தினபோது வில்பிரட் என்னைக் கைகாட்டினான். "இவதான் அண்ணாச்சி அந்தச் சாமான எடுத்தா. ஒங்க டிரைவர் மகளாச்சேன்னு நம்பி விட்டேன். பொம்பளப்பிள்ள கைய நம்புனது என் தப்பு." நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி போய்விட்டார். அன்று மாலையே அப்பாவிடம் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து, "நீதானா ஏளா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பனிமய மாதா மேல சத்தியமா நான் இல்லப்பா."

அவர் தரையைப் பார்த்தார். "அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாருளா," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசாமல் இல்லை; சாப்பாடு, கரண்ட் பில், கோயில் திருவிழா எல்லாம் பேசுவார். ஆனால் சைக்கிளில் எங்கே போனாலும் உப்பளத்து ரோட்டைத் தவிர்த்து ஊரைச் சுற்றித்தான் போவார். வேலை போனது கிடக்கட்டும். என் சத்தியத்தை என் அப்பா நம்பவில்லை. அதை நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. வில்பிரட் தன் வாயால், அண்ணாச்சி காதுபட, அப்பா காதுபட, நான்தான் மாட்டச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அதற்காகவே மூன்றாவது மைல் பக்கம் தகரக் கொட்டகை போட்டு ஏழு வருடம் கறுவிக்கொண்டிருந்தேன். அவனோ என்னை இழந்த கையோடு கியர்பாக்ஸ் வேலையை மூடிவிட்டு, சீட் கவரும் ஸ்டீரியோவும் விற்றுக்கொண்டு, கார் கிளப்புக்குத் தலைவரும் ஆகிவிட்டான்.

அப்படிப்பட்டவன் இப்போது என் கொட்டகையில் நிற்கிறான். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது.

"யாருண்ணே தினமும் ஓட்டுதா?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றாள் அனிஷா அக்கா. அவளுக்குத் திருச்செந்தூரில் பேங்க் வேலை. போக வர எண்பது கிலோமீட்டர். வழியில் துறைமுகத்து கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி வில்பிரட்டுடையது.

நான் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பின் ஆக்சில் பல் எண்ணிக்கையைக் கேட்டேன், கேம் அளவைக் கேட்டேன். எண்பதில் போகும்போது இன்ஜின் இரண்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. கம்பெனி கன்வெர்ட்டரின் ஸ்டால் ஆயிரத்து எண்ணூறு. புதுக் கேமுக்கு அது கம்மி, அதனால்தான் கிளம்பும்போது திணறுகிறது. கொஞ்சம் ஏற்றினால் போதும். ஒரேயடியாக ஏற்றினால் தினசரி ஓட்டமெல்லாம் ஸ்டாலுக்குக் கீழேயே நடக்கும், எப்போதும் வழுக்கும், எப்போதும் சூடு.

"ரெண்டாயிரத்து நானூறு. லாக்கப் கிளட்சோட. முன்னால ஆயிலுக்கு ஒரு சின்ன கூலர்," என்றேன். லாக்கப் என்றால், வேகம் பிடித்ததும் இரண்டு ஃபேனையும் ஒன்றாகப் பூட்டிவிடும், வழுக்காது.

வில்பிரட் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. "போளா. கெழவனுவளுக்கு மாட்டுறத எனக்கு மாட்டப் பாக்க. மூவாயிரத்து ஐந்நூறு சொல்லு."

"சூடாகும்ணே."

"எனக்கே சொல்லித் தாரியா? நீ ஸ்பேனர் புடிக்கப் படிச்சதே எங்கிட்டதான். மூவாயிரத்து ஐந்நூறு."

என் உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. சரி ராசா, கேட்டதைத் தருகிறேன். சஷ்டிக் கூட்டத்தில் உன் சிவப்பு கார் புகையட்டும். ஊர் பார்க்கட்டும். நான் சரியானதைச் சொன்னேன், நீதான் கேட்கவில்லை, அதற்கு உன் மனைவியே சாட்சி. கோயம்புத்தூரில் கன்வெர்ட்டரை அறுத்து, உள்ளே சிறகை மாற்றி, நாம் கேட்கிற ஸ்டாலுக்குத் திரும்ப ஒட்டித் தருகிற ஒருவர் இருக்கிறார். அவன் கண் முன்னாலேயே அவருக்குப் போன் போட்டு மூவாயிரத்து ஐந்நூறு என்று சொன்னேன். அன்று இரவு ஏழு வருடத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு அனிஷா அக்கா தனியாக வந்தாள். பேங்குக்குப் போகிற சேலையில், சாப்பாட்டுப் பையோடு.

"நேத்து சூடாகும்னு சொன்னியே, என்ன ஆகும்?"

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா," என்றேன். இப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அவள் விடவில்லை. "அண்ணாச்சி கார் புகைஞ்சுதே, அந்த மாதிரியா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு ஜெர்லினு. அவரு ஞாயித்துக்கிழமை ஒருநா ரெண்டு மணி நேரம் ஓட்டுவாரு. மிச்ச ஆறு நாளும் அதுக்குள்ள உக்காந்திருக்கது நான். சஷ்டி ஆறு நாளும் அந்தக் கூட்டத்துக்குள்ள போய் வாரவ நான். ஆர்.சி. புக்குல பேரும் எம்பேருதான். நீ யாருக்கு மாட்டப் போற?"

சவத்தை! அவள் முகத்தில் அறைந்திருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. நான் ஏழு வருடமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சியில் புகையும் இருந்தது, கூட்டமும் இருந்தது, கதவைத் திறந்துகொண்டு குதிப்பவன் வில்பிரட்டாகத்தான் இருந்தான். இப்போது அந்தக் கதவிலிருந்து சேலை தடுக்கி விழுவது இவள். ஆச்சி விழுந்த மாதிரியே. அன்றைக்கு அவன் சொன்ன பொய்யை இன்றைக்கு நானே உண்மையாக்குகிறேன். அவள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் சாமான் தயாராகியிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் எதிரிலேயே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். "அண்ணே, நேத்துச் சொன்ன நம்பர் வேண்டாம். ரெண்டாயிரத்து நானூறு. லாக்கப் வேணும்." என் பழியின் கழுத்தை என் கையாலேயே நெரித்தேன். வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். "ஆனா ஒண்ணு. நான் சொல்லுத வரைக்கும் அண்ணனுக்குத் தெரியக் கூடாது."

"ஏன்?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ள சோலி."

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

சாமான் வந்தது. வெளியே பார்த்தால் எந்த ஸ்டால் என்று யாராலும் சொல்ல முடியாது, குடம் ஒன்றுதான். வில்பிரட் வந்து அதைத் தட்டிப் பார்த்து, தலையாட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனான். மாட்டிக் கொடுத்தேன். கூலரையும் முன்னால் வைத்தேன். வண்டி நன்றாக எடுத்தது, எடுக்காமல் என்ன? அவன் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். சுற்று காட்டும் மீட்டர் அவன் கண்ணெதிரேதான் இருக்கிறது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் அவன் கண் மீட்டருக்குப் போகாது. ரோட்டோரத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று தேடும். அத்தனை வருடம் அவனோடு வண்டியிலும் கடையிலும் பழகாமலா இதைச் சொல்கிறேன்.

மறுவாரமே ஊரெல்லாம் ஆரம்பித்துவிட்டான். மூவாயிரத்து ஐந்நூறு ஸ்டால் போட்ட வண்டி இந்த ஜில்லாவிலேயே இதுதான். நான் பயந்து செத்தேனாம், அவன்தான் தைரியமாகப் போடச் சொன்னானாம். என்னிடம் ஆயில் மாற்ற வருகிறவர்கள் எல்லாம் இதை வந்து சொன்னார்கள். நான், "ஆமா, அண்ணனுக்கு நல்ல விவரம்," என்பேன். ஒவ்வொருவனிடமும் பேசட்டும், இன்னும் பேசட்டும் என்றுதான் காத்திருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்ன பழமொழி இல்லை.

சஷ்டி வந்தது. ஆறு நாளும் அக்கா அந்தக் கூட்டத்துக்குள் போய் வந்தாள். ஆறு நாளும் நான் கைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஏழாம் நாள் சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். "ஒண்ணும் ஆகல. ஏசி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அப்பம் வார ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு நானும் வாரேன்க்கா," என்றேன். அங்கே அவள் செய்ய வேண்டியதையும் சொல்லிவைத்தேன்.

ஞாயிறு காலையில் முத்துநகர் கடற்கரையில்தான் அவர்கள் கிளப் கூடும். கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு டீ குடிப்பார்கள். அதே நேரத்தில்தான் சிவனாண்டி அண்ணாச்சி ஆச்சியை மெதுவாக நடக்கக் கூட்டி வருவார். வாரா வாரம். இது எனக்கு ஏழு வருடமாகத் தெரியும், அதனாலேயே ஞாயிறன்று அந்தப் பக்கம் நான் போவதில்லை. அன்றைக்கு முதல் பூசை முடிந்ததும் நேராகப் போய் சிவப்பு காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

அண்ணாச்சியைக் கண்டதும் வில்பிரட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணாச்சி, வாங்க! பாத்தியளா வண்டிய. மூவாயிரத்து ஐந்நூறு ஸ்டாலு. சஷ்டி ஆறு நாளும் கூட்டத்துக்குள்ள கெடந்துச்சு. ஒரு பொட்டுப் புகை வரணுமே!"

அண்ணாச்சி காரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொறவு எங்கார் மட்டும் ஏம்ல புகைஞ்சுது?"

"அது தொட்ட கை அப்பிடி அண்ணாச்சி," என்று வில்பிரட் என் பக்கம் மோவாயை நீட்டினான். கிளப்காரர்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இந்த இடத்துக்காகத்தான் நான் இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். "ஆமா அண்ணாச்சி. எனக்குத்தான் விவரம் பத்தாது. இந்த வண்டிக்கும் நான் ரெண்டாயிரத்து நானூறுதான் சொன்னேன். அண்ணன் கேக்கல. அவுகதான் சரி."

வில்பிரட்டுக்கு முகமெல்லாம் பல். என் வாயாலேயே புகழ்ச்சி, அதுவும் அத்தனை பேர் முன்னால். தோளில் தட்டாத குறை. "இவ என்னைக்கு அண்ணாச்சி கூடப் போடச் சொல்லியிருக்கா? பயந்தாங்கொள்ளி. அன்னைக்கு ஒங்க காருக்கும் இதே ரெண்டாயிரத்து நானூறுதான்னு ஒத்தக்கால்ல நின்னவதான இவ! நான்தான் ஒரு அதட்டு அதட்டி..."

நிறுத்தினான். நிறுத்தி என்ன செய்ய, வந்துவிட்டது.

அண்ணாச்சிக்கு கியர்பாக்ஸ் தெரியாது. ஆனால் ஐம்பது வருடம் உப்பு விற்றவர், ஒரு நம்பர் மாறினால் காது நிமிரும். "ஏலே, இரு. ஜெர்லினு சொன்னது ரெண்டாயிரத்து நானூறு. சரி. எங்கார்ல கெடந்து வெந்தது எத்தன?"

வில்பிரட் டீ கிளாஸைப் பார்த்தான்.

"எத்தனல?"

"மூவாயிரத்து... ஐந்நூறு."

"அத மாட்டச் சொன்னது யாரு?"

பின்னால் ஆச்சி கம்பைத் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. வில்பிரட் வேறு மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பான். இவன் விழுவானா? "யாரு சொன்னா என்ன அண்ணாச்சி," என்று குரலை உயர்த்தினான். "மூவாயிரத்து ஐந்நூறுல தப்பே கெடையாது. இந்தா நிக்குல்லா சாட்சி! ஆறு நாள் கூட்டத்துல நின்னுருக்கு. ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டினா ஒண்ணும் ஆவாது. தெரியாம ஓட்டினா எதுவும்தான் புகையும்."

அன்றைக்கு அந்தக் காரை ஓட்டினது அண்ணாச்சி. அவருடைய கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன்.

அனிஷா அக்கா வந்து காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஜெர்லினு, இப்பம் காட்டலாமா?" என்றாள்.

"காட்டலாம்க்கா."

நான் நான்கு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்தேன். முன்னால் நின்றவர்களை விலகச் சொன்னேன். "அண்ணாச்சி, இங்கன வந்து இந்த மீட்டரப் பாருங்க. பிரேக்கப் புடிச்சிக்கிட்டு முழுசா மிதிச்சா, முள்ளு எந்த நம்பர்ல போய் நிக்கோ அதுதான் உள்ள இருக்க சாமான். மூவாயிரத்து ஐந்நூறு இருந்தா மூவாயிரத்து ஐந்நூறு காட்டும். அண்ணே, நீங்களும் பாருங்க."

அக்கா இடது காலால் பிரேக்கை முழுக்க அழுத்தி, கியரை டி-யில் போட்டு, வலது காலை இறக்கினாள். இன்ஜின் அலறியது. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடுங்கியது, நகரவில்லை. முள் ஆயிரத்தைத் தாண்டி, இரண்டாயிரத்தைத் தாண்டி, கொஞ்சம் மேலே போய் அப்படியே நின்றது. மூன்று விநாடி. அக்கா காலை எடுத்துவிட்டாள்.

"ரெண்டாயிரத்து நானூறு," என்று வாய்விட்டுப் படித்தார் அண்ணாச்சி.

வில்பிரட் என் பக்கம் பாய்ந்தான். "ஏமாத்திட்டியாளா! நான் சொன்ன சாமான..."

"மாத்தச் சொன்னது நான்," என்றாள் அக்கா, காரை அணைத்துவிட்டு. "எங்கார். நான் ஓட்டுதேன். அஞ்சு மாசமா அவ போட்டதத்தான் நீங்க ஊரெல்லாம் மெச்சிக்கிட்டுத் திரியுதிய."

அவனுடைய ஆட்களிலேயே ஒருவன் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டான். வில்பிரட்டின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? நன்றாக இருந்தது. அப்படியொரு சந்தோஷம். மறைக்க ஒன்றுமில்லை.

அண்ணாச்சி என்னிடம் வந்தார். "சிலுவை இப்பம் எங்க இருக்கான்ளா?"

"வீட்டுலதான் இருக்காவ. தெரேஸ்புரத்துல."

"அவனை நாளைக்கு வந்து என்னைப் பாக்கச் சொல்லு."

"வரமாட்டாவ அண்ணாச்சி," என்றேன். "நீங்க அங்க வாங்க. இப்பமே வாங்க. இவுகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. இங்கன சொன்னத அங்க வந்து இவுக வாயால சொல்லணும்."

ஆச்சிதான் முதலில் அசைந்தார். கம்பால் காரின் முன்கதவைத் தட்டி, "தொற," என்றார்.

சிவப்பு காரில்தான் போனோம். அக்கா ஓட்டினாள், ஆச்சி முன்னால். பின்னால் அண்ணாச்சி, நடுவில் வில்பிரட், இந்தப் பக்கம் நான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிற கூட்டம்; தெருவில் கூடையும் சைக்கிளுமாக அடைத்துக்கொண்டு நின்றது. ஆள் நடக்கிற வேகத்தில் இருபது நிமிடம் ஊர்ந்தோம். கியர்பாக்ஸ் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு முனகல் இல்லை. வில்பிரட் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அப்பா பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு எழுந்தார். ஏழு வருடம் கழித்தும் அந்தக் கை தானாக இறக்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிலுவை," என்றார் அண்ணாச்சி. "ஒம் மக இல்லப்பா. நான் விசாரிக்காம பேசிட்டேன்." பிறகு வில்பிரட்டின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே," என்றேன்.

"அந்தச் சாமான நான்தான் மாட்டச் சொன்னேன்," என்றான் வில்பிரட், எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்து. "ஜெர்லினு வேண்டாம்னுதான் சொன்னா. நான் பொய் சொல்லிட்டேன்."

அப்பா பேப்பரை நாலாக மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் அவருக்கே உரிய குரலில், வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்போதும் சொல்வதையே சொன்னார். "உக்காருங்க அண்ணாச்சி. ஆச்சி, இந்த நாற்காலியில உக்காருங்க. தம்பி, நீயும் உக்காரு. ஏளா, எல்லாருக்கும் காப்பி போடு."

தம்பியாம். காப்பியாம். இருபத்திரண்டு வருடத்து வேலையையும் ஏழு வருடத்துச் சுற்றுப்பாதையையும் இவர் ஒரு தம்ளர் காப்பியில் கரைத்துவிடுவார். நான் மாட்டேன்.

"பால் இல்லப்பா," என்றேன்.

அடுக்களையில் பால் கொதித்துப் பொங்குகிற நேரம். வாசம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. ஆச்சி மூக்கைத் தூக்கிப் பார்த்தார். அண்ணாச்சி அடுக்களைப் பக்கம் பார்த்தார். அந்தப் பாலைக் கொஞ்சம் முன்னால் அடுப்பில் வைத்தது அப்பாவேதான்.

அப்பா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார்.

"ஆமா அண்ணாச்சி," என்றார். "வீட்டுல பால் இல்ல."